பதினேழாவது கேள்வி

ஒரு மனிதருக்குப் புத்தி சரியில்லை என்று நான் எழுதிக் கொடுத்தேன். நீளமாக ஒன்றும் எழுதவில்லை. அச்சடித்த தாளில் ஒரு கட்டம், அதற்குள் ஒரு டிக். மை காய்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நான் ஒன்பதாவதில் பாதியில் நின்றவள். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. எழுந்து நின்று பாடத்தை வாசி என்று டீச்சர் சொன்னாலே எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் புத்தகத்தின் மேலேயே வாந்தி எடுத்தேன். மறுநாளிலிருந்து போகவில்லை. அந்தப் பயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஆள்தான் வளர்ந்திருக்கிறேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். பஸ் முதல் வளைவில் திரும்பும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தால் அடிவாரம் வரும்வரை விடமாட்டேன். யாராவது போனில் "ஒரு விஷயம் பேசணும்" என்று சொல்லிவிட்டால், அந்த விஷயம் என்னவென்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்டவளுக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், கொல்லிமலையில் எனக்கு வீடு வீடாக ஆட்களைத் தெரியும் என்பதுதான். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தபோது சொட்டு மருந்து கொடுக்கவும் குழந்தைகளுக்கு எடை பார்க்கவும் ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று மலையின் ஊர்ப்பிரிவுகளுக்கெல்லாம் நடந்தே போயிருக்கிறேன். அப்போது சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. போலீஸ் கேஸிலோ வனத்துறை கேஸிலோ மாட்டி, ஜெயிலுக்குப் போய்விட்டு வந்த மலைக்காரர்களின் மனநிலை எப்படி இருக்கிறது, கேஸுக்கு முன்பே அவர்களுக்கு நோய் ஏதும் இருந்ததா, இருந்தால் யாராவது கவனித்தார்களா, வைத்தியம் பார்த்தார்களா என்பதுதான் ஆராய்ச்சி. நல்ல காரியம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மனசு சரியில்லாத ஆளைத் திருடன் என்று கட்டிவைத்து அடித்த கதைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு.

குழுவை நடத்திய மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கேள்வித்தாளில் புத்தகத் தமிழில் இருப்பதை மலைப் பேச்சில் கேட்டு, பதிலைக் கட்டத்தில் குறிக்க வேண்டும். அதுதான் என் வேலை. நான் படிப்பைச் சொல்லித் தயங்கியபோது மேடம் சிரித்தார்.

"படிப்பு இருக்கட்டும்க்கா. நாங்க போய் நின்னா அதிகாரி வந்துட்டாங்கன்னு அவங்க எழுந்து நிப்பாங்க. உங்ககிட்டதான் உக்காந்து பேசுவாங்க."

பயிற்சி மூன்று நாள் நடந்தது. அதில் பதினேழாவது கேள்விக்கு மட்டும் அரை நாள் போனது. 'பிறருக்குக் கேளாத குரல் ஏதேனும் உங்களுக்குக் கட்டளையிட்டதுண்டா?' இதுதான் கேள்வி.

"சாமி சொல்லுச்சுன்னு இங்க நிறைய பேர் சொல்வாங்க. அதுல வழக்கம் எது, நோய் எதுன்னு பிரிச்சுப் பாக்கணும். அவசரப்படாதீங்க" என்றார் மேடம். நான் நோட்டில் 'அவசரப்படக் கூடாது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

என்னோடு இன்னும் இரண்டு பேர் வீடுகளுக்குப் போனார்கள். இருவரும் கல்லூரி முடித்த பெண்கள், கீழேயிருந்து வந்தவர்கள். சாயங்காலம் எல்லாரும் தாள்களோடு உட்கார்ந்து பேசுவோம். அவர்கள் ஏதாவது கொண்டுவருவார்கள். இரவெல்லாம் வாசலிலேயே நிற்கும் ஒருவர், சாப்பாட்டில் விஷம் இருப்பதாகப் பயப்படும் ஒருவர். மேடம் குனிந்து கேட்டுக் குறித்துக்கொள்வார். என் தாள்களில் மட்டும் இல்லை, இல்லை, இல்லை. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கேட்கத் தெரியாமல் கேட்கிறேனோ, இந்த ஒன்பதாவதை எதற்கு வைத்தோம் என்று யோசிக்கிறார்களோ, அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ. ஒருத்தருக்காவது ஏதாவது இருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டே படியேறிய வீடுகள் உண்டு. எழுதும்போதே கை கூசுகிறது.

அப்படி ஏறிய வீடுகளில் ஒன்று குண்டூர் நாட்டுப் பக்கம் இருந்தது. அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மிளகுக்கொடி ஏறிய மரங்கள் கொஞ்சம், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி கொஞ்சம் வைத்திருந்தார். காட்டை ஒட்டிய தன் நிலத்தில் அடர்ந்து கிடந்த உண்ணிச்செடிப் புதரைக் கொளுத்தியிருக்கிறார். காற்றடித்து, தீ எல்லைக்கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. வனத்துறை கேஸ் போட்டது. சில வாரம் கீழே ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவர், வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மரியாதையான மனிதர். எனக்கு மணை போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். தூக்கம், பசி, பயம் பற்றியெல்லாம் கேட்டு முடித்துப் பதினேழுக்கு வந்தேன். குரல், கட்டளை என்ற வார்த்தைகளை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, என் பாட்டுக்கு மாற்றிக் கேட்டேன்.

"ஏனுங்க, ஒங்ககிட்ட மட்டும் யாராச்சும் வந்து, இதைச் செய்யி அதைச் செய்யின்னு சொல்றாப்பல இருக்குதுங்களா?"

"ஆமாங்க" என்றார் உடனே. "சாமி சொல்லுச்சுங்க. கொளுத்துன்னுச்சு. அதான் கொளுத்திப் போட்டனுங்க."

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தால் அல்ல.

"ஒருக்காத்தான் சொல்லுச்சுங்களா?"

"எங்கீங்க ஒருக்கா? தெனமும் அதே பேச்சுத்தான். காலையில எந்திரிச்சாக் கொளுத்து, பொழுதெறங்குனாக் கொளுத்து. என்னதான் பண்றது? சொன்னாச் செய்யணுமில்லீங்க."

"வேற யாருக்காச்சும் அது கேட்டுச்சுங்களா?"

"ஊட்டுல சொன்னா ஏச்சு விழுமுன்னு எங்கிட்ட மட்டுந்தாஞ் சொல்லும்" என்று சொல்லி அவர் சிரித்தார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுத என் தாளில் இடம் இல்லை. இருந்தது 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். ஊட்டுல என்றால் அவர் மனைவி. மனைவி ஏசுவாள் என்று எந்தச் சாமி பயப்படும்? அந்த நேரத்தில் அப்படி ஒரு கேள்வி எனக்கு வரவே இல்லை. 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டேன். பக்கத்தில் 'தினமும்' என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம், கொளுத்தச் சொன்ன சாமியைப் பற்றி நான் சொல்லச் சொல்ல, மேடம் என் தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். மற்ற இருவரிடமும் நீட்டினார். "அக்கா எவ்வளவு பொறுமையா, படிப்படியா கேட்டிருக்காங்க பாருங்க. இப்படித்தான் கேக்கணும்." பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குள் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒரு ஆளுக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

நோய் இருக்கிறதாகத் தெரிந்தால் அவர்களை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது ஆராய்ச்சியின் விதி. அனுப்புவதற்கென்று ஒரு தனித்தாள் உண்டு. அதில் காரணம் என்ற இடத்தில் 'சாமி சொல்லித் தீ வைத்தவர்' என்று மேடம் எழுதினார். அவர் சம்மதித்துக் கைநாட்டு வைத்தார். எதற்கு என்று நான்தான் சொன்னேன்: "ஒடம்பு பாக்கறதுக்குங்க." மாதம் ஒரு நாள் கீழிருந்து மனநல டாக்டர் மலைக்கு வருவார். அந்தத் தாளை ஆஸ்பத்திரிச் சன்னலில் நான் மடிக்காமல் நீட்டினேன். உள்ளே இருந்தவர் கூட்டத்தைப் பார்த்து, "சாமி சொல்லித் தீ வெச்சவரு யாருங்க, வாங்க" என்று கூப்பிட்டார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. குண்டூர்க்காரர் ஒன்றும் புரியாமல் எழுந்து போனார். மாத்திரையோடு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து எழுந்திருக்க முயன்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். விரல்கள் நடுங்கின. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"சாமி... அக்காவுக்குத் தண்ணி மோந்தாந்து குடு சாமி."

ஒரு பெண் சொம்போடு வந்தாள். கீழே விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிற அவர் மகள், லீவுக்கு வந்திருந்தாள்.

"இந்தச் சாமிதானுங்க" என்று அவளைக் காட்டினார். "குளிக்கப் போற வழியில பொதருக்குள்ள பாம்பு கெடக்குது, கொளுத்துப்பா கொளுத்துப்பான்னு போன லீவு முச்சூடும் நச்சரிச்சுப் போட்டுது. இதும் பேச்சைக் கேட்டுத்தான் நான் ஜெயிலுக்குப் போனேன்."

"நான் கொளுத்தத்தான சொன்னேன்? காட்டையே கொளுத்தச் சொன்னனா?" என்றாள் அவள்.

நான் சொம்பை வாயில் வைத்தபடியே இருந்தேன். என் வீட்டிலும் குழந்தைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறோம். என் அம்மா இன்றைக்கும் என்னைச் சாமி என்றுதான் சொல்லும். புள்ளை சொல்லுச்சு, கண்ணு சொல்லுச்சு, சாமி சொல்லுச்சு என்றுதான் எங்கள் பேச்சே. சென்னையிலிருந்து வந்த மேடத்துக்கு அது தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியாமல் போனது எப்படி? தெரியாமல் போகவில்லை. கிடைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டு, "மாத்திரையை விட்டுப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன்பிறகு நான் ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் இருந்தேன். மேடத்தின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து, வியர்த்து, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். பொய்த்தாள் எழுதினாள் என்று என்மேலேயே கேஸ் வந்தால்? ஒருவேளை அவருக்கு நிஜமாகவே நோய் இருந்து, டாக்டருக்கு அது தெரிந்துதான் மாத்திரை கொடுத்தாரோ? ஒன்பதாவதுக்காரி நான் டாக்டரைவிடப் பெரியவளா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியைத் தள்ளினேன்.

தை பிறந்து மிளகு பறிப்பு தொடங்கியது. ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"தீ வெச்சவரு தெரியுமில்ல, அந்த மனுசன் நேத்து ஏணியில ஏறிப் பாதியில நின்னுக்கிட்டாராமா. மேலயும் போகல, கீழயும் வரல."

"ஐயோ. பொறவு?"

"மச்சினன் ஏறித் தோள்ல தாங்கி எறக்குனானாம். காலு வெடவெடங்குதாம். கீழ நின்னவனுவ, சாமி சொன்னாத்தான் எறங்குவாரு, இருங்கடான்னு சிரிக்கிறானுவ."

"கிறுக்குன்னு பேரெடுத்தாச்சு. அந்தப் புள்ளைய எவன் கட்டுவான் இனி?"

"அதும் இல்லாம அவரு வக்கீலு, அந்தக் கிறுக்குத் தாளையே அடுத்த வாய்தாவுல கோர்ட்டுல குடுக்கப் போறாராம். குடுத்தா ஜெயிலுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் போடுவாங்களாம்."

ஒற்றை மூங்கில் ஏணியில் அவர் பாதியில் நின்றதைக் கம்பியைப் பிடித்தபடி நினைத்துப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த ஜீப்பில் ஏறினேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவரும் மனைவியும் பொங்கல் லீவுக்கு வந்திருந்த மகளும் வாசலில் இருந்தார்கள். என் பையில் இருந்த அவர் கேள்வித்தாளின் நகலை எடுத்துப் பெண்ணிடம் கொடுத்து, பதினேழாவது கேள்வியை வாசிக்கச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோலத் தெளிவாக, கொஞ்சமும் பயமில்லாமல் வாசித்தாள். 'பிறருக்குக் கேளாத குரல் ஏதேனும் உங்களுக்குக் கட்டளையிட்டதுண்டா? ஆம். தினமும்.' பிறகு தாளை விட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கொரலு நானா?"

"ஆமா கண்ணு. நான் தப்பா எழுதிப் போட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? "நீ தண்ணி குடுத்த அன்னைக்கே தெரியும்" என்றேன்.

அவள் தாளை மடித்துத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் மனைவி என்னை ஏசத் தொடங்கினார். நாசமாய்ப் போக என்றார், படிச்ச திமிரு என்றார். நான் ஒன்பதாவதைக்கூடத் தாண்டாதவள். அவர்தான் கையைத் தூக்கித் தடுத்தார்.

"உடு புள்ள. ஏனுங்க அம்மிணி, அப்ப எனக்குக் கிறுக்கு இல்லீங்களா? இத்தன மாசமா எனக்கே சந்தேகம் வந்துபோச்சுங்க. டாக்டரு சொல்றாரு, ஊரு சொல்லுது, இருக்கும்போலன்னு இருந்தேன்."

அவர் அப்படிக் கேட்டதற்குப் பதில் அந்த அம்மா இன்னும் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிடலாமா என்று கேட்டார். அதைச் சொல்ல நான் யார்? டாக்டர் மலைக்கு வரும் நாளில் நானும் வருகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மேடத்துக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். பிறகு வக்கீலின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

டாக்டரின் அறையில் நாங்கள் நான்கு பேரும் நின்றோம், அவர், மனைவி, மகள், நான். நான் சொல்லச் சொல்ல டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"சாமின்னு நீங்க சொன்னது யாருங்க?" என்று அவரிடம் கேட்டார்.

"இந்தா நிக்குதுங்களே."

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். "தாள்ல இருந்ததப் படிச்சுட்டு எழுதிட்டேன். இந்த ஒரு கேள்விய நானும் அன்னைக்குக் கேக்கல" என்று மட்டும் சொன்னார். பிறகு உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வக்கீலுக்குத் தனியாக ஒரு கடிதம். என்னிடமும் நடந்ததை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் எழுதிய தாள்களில் அது ஒன்றில்தான் கட்டங்கள் இல்லை. எழுத்துப்பிழையோடு ஒரு பக்கம் எழுதினேன்.

வக்கீல் சலித்துக்கொண்டாராம், சுலபமாக முடிய வேண்டிய கேஸைக் கெடுத்துவிட்டீர்கள் என்று. ஆனாலும் பழைய தாளைக் கோர்ட்டில் கொடுக்கவில்லை. கேஸ் இன்னும் நடக்கிறது. அந்த வருடத்து மிளகை மச்சினன்தான் பறித்தான். ஊரில் அவரைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. ஒரு வார்த்தை ஊருக்குள் போவதற்கு ஒரு சன்னல் போதும், திருப்பிக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

டாக்டரைப் பார்த்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது அவர் என் பக்கத்தில் மெதுவாக நடந்தார்.

"ஏனுங்க அம்மிணி, என்னையாட்டம் இன்னும் எத்தன பேருக்கு டிக் போட்டிருக்கீங்க?"

"ஒங்களுக்கு மட்டுந்தானுங்க. மத்த ஊட்டுலயெல்லாம் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்."

எனக்கு அதைச் சொல்வதில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவர் நின்று யோசித்தார்.

"அதையெல்லாம் மட்டும் சரியாக் கேட்டீங்களா?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போதுதான் அரியூர் நாட்டில் ஒரு வீடு எனக்கு ஞாபகம் வந்தது. சின்னத் திருட்டுக் கேஸில் உள்ளே போய்வந்த இளைஞன். சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். நான் கேள்வியை முடிப்பதற்குள் அவன் அம்மா ஒவ்வொன்றுக்கும் "அதெல்லாம் இல்லீங்க, அதெல்லாம் இல்லீங்க" என்றார். மழை வரும்போல இருந்தது, பஸ் போய்விடும் என்று எனக்குக் கவலை. பதினேழுக்கும் இல்லை என்று போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்த வாரம் அங்கே போனேன். அந்த அம்மா வாசலில் குச்சிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"போன தடவ நான் அவசரமாக் கேட்டுப் போட்டனுங்க. தம்பிகிட்ட ஒருக்கா பேசட்டுங்களா? எழுதறதுக்கில்லீங்க, பேனா கொண்டாரல."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளே யாரோ தாழ்ந்த குரலில், பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து பேசுவது கேட்டது. வேறு குரல் எதுவும் கேட்கவில்லை.

"குண்டூர்க்காரருக்குக் கிறுக்குன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களே?"

"நாந்தானுங்க."

"அப்ப எம் பையனுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லி, அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் கிழங்கை எடுத்தார்.